மேற்கே பார்த்து நின்ற ஊர்

"எல்லாரும் இப்படி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா அது எப்படி உள்ள வரும், பாவம்" என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்வது மாவு மில்லில் என் காதில் விழுந்தது.

அவர்கள் புதிதாக வந்த யாரோ ஒரு மருமகளைப் பற்றிப் பேசியிருக்கலாம். மில் ஓடும் சத்தத்தில் முன்னும் பின்னும் கேட்கவில்லை. திரும்பி நின்று விசாரிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் புயலைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். புயல் அப்போது ஆறு நாட்களாக எங்கள் புன்னைத்துறைக்கு நேர் கிழக்கே கடலில் நின்றுகொண்டிருந்தது. வர விருப்பமில்லாமல் அல்ல. கூச்சம்.

வறுத்த அரிசியை அரைத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிக்குப் போய் என் நோட்டைத் திறந்தேன். நான்கு வருடங்களாக எங்கள் ஊர் வானிலையை நான்தான் எழுதி வருகிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. கல்லூரியில் இயற்பியல் படித்தேன், படிப்பு முடிந்ததும் பேச வேண்டிய அவசியமில்லாத ஒரு வேலையைத் தேடினேன், வானம் கிடைத்தது. மழையை அளக்க வாய் அறுத்த ஒரு பினாயில் பாட்டில், காற்றின் திசைக்கு கிரிக்கெட் ஸ்டம்பில் பொருத்திய தகரச் சேவல், காற்றழுத்தம் பார்க்க ஒரு பழைய கடிகாரம் போன்ற கருவி. எழுதியதை 'புன்னைத்துறை வானம்' என்ற வாட்ஸப் குழுவில் போடுவேன். குழுவில் தொள்ளாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் யாராவது தெருவில் நிறுத்தி, இன்னிக்கு மழை வருமா என்று கேட்டால், சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் குழுவில் பதில் எழுதுவேன்.

புயலுக்கு 'கர்ஜனை' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைக்கிறவர்கள் பிறக்கும்போதே வைத்துவிடுகிறார்கள். குணம் பிறகுதான் தெரிகிறது. என் பெயர் வீரலட்சுமி.

நோட்டில் இருந்த எண்களை அன்றுதான் வேறு மாதிரிப் பார்த்தேன். முதல் நாள் நூற்று நாற்பது கிலோமீட்டரில் இருந்த புயல், ஆறாம் நாள் நூற்று முப்பதில் இருந்தது. தினமும் இரண்டு கிலோமீட்டர்தான் வந்திருந்தது. ஆனால் மணிவாரியாகப் பார்த்தால் கணக்கு அப்படி இல்லை. தினமும் மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் அது பதினோரு கிலோமீட்டர் முன்னால் வந்தது. நான்கு மணிக்கு மேல் ஒன்பது கிலோமீட்டர் பின்னால் போனது. ஒன்றிலிருந்து மூன்று வரை எங்கள் ஊர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும். நான்கு மணிக்கு டீ குடித்துவிட்டுக் கடற்கரைக்கு வந்துவிடும்.

கடற்கரைக்கு வருவதற்குக் காரணம் எங்கள் ஊர் வழக்கம். புன்னைத்துறைக்குப் புதிதாக யார் வந்தாலும் தெருவே வாசலுக்கு வந்து நின்று பார்க்கும். பிறகு எந்த ஊர், யார் வீட்டுக்கு, எப்போது கிளம்புகிறீர்கள் என்று மூன்று கேள்விகள் கேட்கும். மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது புதிதாக வந்த கணக்கு ஆசிரியர் இரண்டாவது கேள்வியிலேயே அடுத்த பேருந்தில் திரும்பிப் போய்விட்டார். அந்த வருடம் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துத் தேறினோம்.

புயலுக்கும் அதே மரியாதைதான். முதல் நாளிலிருந்தே ஊர் கடற்கரையில் கூடியது. சுண்டல், மாங்காய், பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் வந்தன. ஸ்டூடியோ வைத்திருக்கும் லாசர் அண்ணன் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய கேமராவோடு முன்வரிசையில் நின்றார். ஊராட்சித் தலைவர் தணிகாசலம் மாமா, திருவிழாவுக்குக் கட்டும் ஒலிபெருக்கியைக் கட்டி, 'கர்ஜனை அவர்களே' என்று தொடங்கி மூன்று கேள்விகளையும் தினமும் நான்கரை மணிக்குக் கேட்டார். பதில் வராததைப் பற்றி அவருக்கு வருத்தம் இருந்தது. படித்த புயல் என்று எதிர்பார்த்திருந்ததாகச் சொன்னார்.

வானொலியில் தினமும், நாளை கரையைக் கடக்கும் என்று சொன்னார்கள். அவர்கள் மேல் தவறில்லை. அவர்கள் மேலேயிருந்து செயற்கைக்கோள் வழியாகப் பார்க்கிறார்கள். மேலேயிருந்து பார்த்தால் உச்சந்தலைதான் தெரியும். அதை வைத்து ஒருவர் கூச்சப்படுகிறாரா என்று சொல்ல முடியாது. படத்தில் புயலுக்குக் கண் இன்னும் திறக்கவில்லை என்பதை மட்டும் அவர்களும் குறிப்பிட்டார்கள்.

இதில் அவசரம் என் அக்காவுக்குத்தான் இருந்தது. பூங்கோதைக்கு அடுத்த வியாழக்கிழமை காலை கல்யாணம். மாப்பிள்ளை மதியரசு கப்பலில் வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை அவர் கிளம்ப வேண்டும். கிளம்பினால் திரும்பி வர பதினான்கு மாதம். இது மூன்றாவது தேதி. முதல் தேதியில் அவருடைய கப்பல் ஒரு கால்வாயில் சிக்கிக்கொண்டது. இரண்டாவது தேதிக்கு எங்கள் அப்பா இல்லை. இந்த முறையும் தள்ளிப்போனால் தனக்கும் அந்தக் கப்பலுக்கும் சம்பந்தமில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஊரில் இருப்பது ஒரே ஒரு கல்யாண மண்டபம். அது புயல் பாதுகாப்பு முகாமாகிவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு பேர் அங்கே பாய் விரித்திருந்தார்கள். புயல் கரையைக் கடந்தது என்று பதிவேட்டில் எழுதிய பிறகுதான் முகாமை மூட முடியும் என்பது விதி. கோயிலில் வைத்துத் தாலி கட்டலாம் என்று அம்மா சொன்னதற்கு, பத்திரிகையில் மண்டபத்தின் பெயர் அச்சாகிவிட்டது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். அச்சானதை மாற்றும் வழக்கம் அவர்களிடம் இல்லை. முகாமில் இருந்தவர்களிடம் அக்கா நேரில் போய்ப் பேசிப் பார்த்தாள். நல்ல மனிதர்கள். ஆனால் புயலுக்காக வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போனால் சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டார்கள்.

தினமும் இரண்டு கிலோமீட்டர் என்றால் புயல் வந்து சேர இன்னும் அறுபத்தைந்து நாள் ஆகும். வியாழக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.

நோட்டை அக்காவிடம் காட்டினேன். அவள் மதிய நேரத்து எண்களையும் மாலை நேரத்து எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது அப்படியே நீதான்டி" என்றாள்.

நான் மறுக்கவில்லை.

"போய் தணிகாசலம் மாமாகிட்ட சொல்லு."

எழுதித் தருகிறேன் என்றேன். அவளே என் கையைப் பிடித்து ஊராட்சி அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போய், மாமாவின் மேசைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, தான் வாசலில் நின்றுகொண்டாள். நான் சீட்டை நீட்டினேன். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்வரை புயல் வராது, தயவுசெய்து யாரும் கடலைப் பார்க்க வேண்டாம் என்று எழுதியிருந்தேன். கீழே அட்டவணை இருந்தது.

மாமா இரண்டு முறை படித்தார். அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. ஊரில் எல்லோருக்கும் மாமா. பாராமல் இருப்பது விருந்தாளிக்கு அவமரியாதை ஆகாதா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்றா இல்லை என்றா என்று கேட்டார். வாசலிலிருந்து அக்கா, "மாமா, இவ போன வருஷம் உங்க வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வந்தா, தெரியுமா?" என்றாள்.

"வரலையே."

"வந்தா. நீங்க எல்லாரும் வாசல்ல நின்னீங்க. தெருமுனையோட திரும்பிட்டா."

மாமா சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு வரவேண்டிய தாம்பூலப் பையை அலமாரியிலிருந்து எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் வைத்தார். அவர் விஷயத்தைப் புரிந்துகொண்டார் என்று அப்போது தெரிந்தது.

யாரும் கடலைப் பார்க்கக் கூடாது என்று அன்று மாலையே தண்டோரா போட்டதில், அதுவரை வராதவர்களும் பார்க்க வந்துவிட்டார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒரு டெம்போ வந்தது. புயல் அன்று பதினான்கு கிலோமீட்டர் பின்னால் போனது. வீட்டிலேயே இருங்கள் என்று எங்கள் ஊரில் யாரையும் சொல்ல முடியாது. அதனால் மாமா யோசித்து, எல்லோரும் கடற்கரைக்கு வரலாம், ஆனால் மேற்கே பார்த்து நிற்க வேண்டும் என்று உத்தரவை மாற்றினார். இதற்கு எதிர்ப்பு வரவில்லை. கூடி நிற்பதுதான் ஊருக்கு முக்கியம். திசை அப்படியொன்றும் முக்கியமில்லை.

திங்கட்கிழமை காலை ஒத்திகை நடந்தது. முதல் ஒத்திகையில் பாதிப்பேர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவதில் ஒரு பெண் பவுடர் டப்பாவின் கண்ணாடியில் பார்த்தது தெரிந்து டப்பா வாங்கி வைக்கப்பட்டது. மூன்றாவது ஒத்திகையில் ஆடுகள் உட்பட அனைவரும் மேற்கே பார்த்தார்கள். கிழக்குப் பார்த்த வீடுகளின் கதவுகள் சாத்தப்பட்டன. லாசர் அண்ணன் மட்டும் திரும்ப மறுத்தார். முப்பது வருடமாக எதையாவது பார்த்துத்தான் பிழைக்கிறேன், ஒரு புயலையாவது நேருக்கு நேர் எடுக்காமல் என் கை அடங்காது என்றார். மாமா அவரிடம் நிறைய நேரம் பேசினார். கடைசியில் கேமராவை லாசர் அண்ணனின் மனைவி வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்தார். அண்ணன் மேற்கே திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு, யாரோ அடித்துவிட்டதுபோல் நின்றார்.

மேற்கே ஒரு தண்ணீர்த் தொட்டி இருப்பதைப் பலர் அன்றுதான் பார்த்தார்கள். நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அதற்கும் அப்பால் ஒரு ஊர் தெரிந்தது. அது எந்த ஊர், யார் யார் இருக்கிறார்கள் என்று மாமா ஒலிபெருக்கியை அந்தப் பக்கம் திருப்பி விசாரித்தார். அவர்கள் பதில் சொன்னார்கள். நல்ல பொழுதாகப் போனது.

திங்கட்கிழமை மாலை புயல் எண்பத்து நான்கு கிலோமீட்டரில் இருந்தது. செவ்வாய் மாலை முப்பத்தேழு. நான் மாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு கால்மணி நேரத்துக்கும் குழுவில் எழுதினேன். 'இப்போது வடகிழக்காகச் சற்று ஒதுங்கி நடக்கிறது.' 'யாரும் திரும்ப வேண்டாம், நன்றாக வருகிறது.' மேற்கே பார்த்து நின்ற தொள்ளாயிரம் பேரும் கையில் போனை வைத்துக்கொண்டு நான் எழுதியதைப் படித்தார்கள். அத்தனை பேர் என்னைப் படித்தது அதற்கு முன் நடந்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, பதினெட்டு கிலோமீட்டரில், புயல் நின்றுவிட்டது.

பதினொன்றரைக்கும் அங்கேயே நின்றது. பன்னிரண்டுக்கும் நின்றது. யாரோ பார்க்கிறார்கள் என்று மாமா முடிவு செய்தார். வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொருவரின் முகமும் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சோதித்தார். அரிசிப் பானையைத் திறந்து பார்த்தார்கள், கேமரா இருந்தது. பவுடர் டப்பாவும் இருந்தது. ஒரு கழுதை வடக்கே பார்த்து நின்றது, அதையும் திருப்பினார்கள். மண்டபத்தில் மணமகள் அறைக்கு வாங்கிய நிலைக்கண்ணாடி கிழக்கே பார்த்து இருந்ததால் அதற்குத் துணி போர்த்தினார்கள். புயல் நகரவில்லை. அக்காவின் கல்யாணத்துக்கு இருபத்தொரு மணி நேரம் இருந்தது. சமையல் மாஸ்டர் மண்டபத்துக்கு வந்து, சாம்பார் வெங்காயம் மட்டும் இரண்டு மூட்டை உரிக்க வேண்டும், உரிக்கவா வேண்டாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அக்காவிடம் கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றார்.

அக்கா மாடிக்கு வந்தாள். உள்ளங்கையில் பாதி மருதாணி போட்டிருந்தாள். மீதியை நிறுத்தி வைத்திருந்தாள். நான் அப்போது குழுவில் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் என் தோளுக்கு மேலாகப் படித்தாள்.

'பதினெட்டு கிலோமீட்டரில் தயங்கி நிற்கிறது. ஒருமுறை திரும்பிப் பார்த்தது. மீண்டும் தயங்குகிறது. அருகில் வர இன்னும் மனம் வரவில்லை எனத் தெரிகிறது.'

அவள் அதை மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"ரேணுகா அத்தை கல்யாணம் ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருந்தது. எனக்கு அப்போது பதினாறு வயது. மண்டப வாசலில் நான் நின்றபோது ரேணுகா அத்தை மேடையிலிருந்தே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். அதோ வீரா வந்துட்டா, தூணுக்குப் பின்னால நிக்கிறா, உள்ள வரலாமா வேண்டாமான்னு யோசிக்கிறா, இதோ ஒரு அடி வெச்சுட்டா, ஐயோ பின்னால போறா. பாசத்தில்தான் சொன்னாள். எனக்கு அன்று பந்தி கிடைக்கவில்லை. நான் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"ஊரே திரும்பி நிக்குது" என்றாள் அக்கா. "நீ ஒருத்தி பாத்து எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருக்கே."

நான் எழுதியதை அனுப்பாமல் அழித்தேன். தகரச் சேவலை ஸ்டம்பிலிருந்து கழற்றினேன். கடிகாரம் போன்ற கருவியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். பினாயில் பாட்டிலைக் கவிழ்த்தேன். நான்கு வருடத்தில் ஒரு மணி நேரம்கூட விடுபடாத நோட்டை மூடும்போது பக்கத்தில் பாதி வரி காலியாக இருந்தது. குழுவில் 'இனி எதுவும் தெரியாது' என்று ஒரு வரி போட்டுவிட்டு போனை அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த நேரத்துக்குப் பிறகு புயல் எங்கே இருந்தது என்பதற்கு எங்கள் ஊரில் யாரிடமும் பதிவு இல்லை.

பார்க்காமல் இருந்தால் மட்டும் போதுமா என்று அக்கா கேட்டாள். அதை யோசிக்க எனக்கு நேரம் தேவைப்படவில்லை. போதாது. யாரும் பார்க்காத இடத்தில் ஒருத்தர் இருக்க வேண்டும். அவர் கையில் வேலை இருக்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் செய்வதற்கும் அதே வேலை மிச்சம் இருக்க வேண்டும். நான் இதுவரை போய்ச் சேர்ந்த எல்லாக் கல்யாணங்களுக்கும் அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

"மாஸ்டர்கிட்ட வெங்காயத்தை உரிக்கச் சொல்லவா?" என்றாள் அக்கா.

"நாங்க உரிக்கிறோம்" என்றேன்.

மண்டபத்தின் முன்வாசல் சாலையைப் பார்த்தது. பின்கட்டு கடலைப் பார்த்தது. சமையல்கட்டுக்கு வெளியே, குழாயடிக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் ஒரு மணையைப் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு மூட்டையை என் முன்னால் அவிழ்த்தேன். எனக்குப் பின்னால் இன்னொரு மணை, ஒரு முறம், தோல் போட ஒரு கூடை, இரண்டாவது மூட்டை. மூட்டையின் வாயைப் பிரித்து மட்டும் வைத்தேன். முழுதும் எடுத்துக்கொடுத்தால் உபசாரம் போலாகிவிடும்.

உரிக்கத் தொடங்கினேன். சின்ன வெங்காயம், நனைக்காமல் உரித்தால் கண் எரியும். சுவரில் போன வருடக் காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் தேதிகளைப் படித்தேன். ஒரு படி உரித்து முடித்தபோது என் புடவைத் தலைப்பு லேசாக அசைந்தது. காலண்டரின் தாள் ஒன்று எழும்பி, அடுத்த மாதத்தைக் காட்டி, படிந்தது. நான் ஒரு வெங்காயத்தின் வேரைக் கிள்ளினேன்.

பின்னால் மணை சற்று நகர்ந்த சத்தம் கேட்டது. உட்காருகிறவர்கள் தங்களுக்கு வசதியாக இழுத்துப் போட்டுக்கொள்வார்கள் அல்லவா, அந்தச் சத்தம். பிறகு முறத்தில் ஒரு வெங்காயம் விழுந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று.

முதலில் தோலோடு சதையும் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பழகாதவர்களுக்கு அப்படித்தான் வரும். பிறகு கை பழகிவிட்டது. எனக்குக் கண் எரிந்து தண்ணீர் வந்தது. அதற்கும் எரிந்திருக்க வேண்டும், மழை பிடித்தது. இருவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டோம். வெங்காயம் உரிக்கிறவர்கள் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. அழுதால் காரணம் கேட்பாரும் இல்லை. இதைவிட நல்ல வேலை ஒரு கல்யாண வீட்டில் கிடையாது.

தணிகாசலம் மாமா சமையல்கட்டு வழியாகப் பின்னோக்கி நடந்து வந்தார். அவருக்கு முதுகுதான் எங்கள் பக்கம் இருந்தது. ஒன்பது நாட்களாகப் பதில் கிடைக்காத மூன்று கேள்விகளும் அவர் தொண்டையில் இருப்பது எனக்குத் தெரிந்தது. அவர் தொண்டையைச் செருமினார். பின்னால் முறத்தில் வெங்காயம் விழுவது நின்றது. நானும் நிறுத்திக்கொண்டேன். சமையல்கட்டில் இருந்த எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். அக்கா உள் வாசலில் மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

மாமா அவளைப் பார்த்தார். பிறகு மேலே விட்டத்தைப் பார்த்தார்.

"காபியா, டீயா?" என்றார்.

பதில் வந்ததா என்று எனக்குக் கேட்கவில்லை. மாமா இரண்டையும் கொண்டுவந்து, பின்னால் கையை நீட்டித் தரையில் வைத்துவிட்டுப் போனார். பிறகு பார்த்தபோது இரண்டு டம்ளரும் காலியாக இருந்தன. முறத்தில் மறுபடியும் வெங்காயம் விழுந்தது.

புயல் அன்று பிற்பகல் மூன்று பத்துக்கு, கல்யாண மண்டபத்தின் பின்வாசல் அருகே கரையைக் கடந்ததாக மாமா பதிவேட்டில் எழுதினார். சேதம் என்ற இடத்தில், வெங்காயத் தோல் என்று எழுதினார். இரண்டு மூட்டைத் தோலும் கிளம்பி ஊர் முழுக்கக் கூரைகளிலும் வேலிகளிலும் மேற்கே இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலும் படிந்திருந்தது. மழை எவ்வளவு பெய்தது என்பதை யாரும் அளக்கவில்லை. முகாம் முறைப்படி மூடப்பட்டது. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் பாயைச் சுருட்டிவிட்டு, நாளை காலை கல்யாணத்துக்கு வரவேண்டியிருப்பதால் இனி எதற்குப் போய்வருவது என்று அங்கேயே இருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு மதியரசு மாமா அக்காவுக்குத் தாலி கட்டினார். நான் அதைச் சமையல்கட்டின் சன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்குப் பின்னால் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. காலையிலிருந்து அந்த வேலையும் அதற்குப் பழகிவிட்டிருந்தது. சாம்பார் நன்றாக இருந்ததாக முதல் பந்தியில் பேசிக்கொண்டார்கள். மாஸ்டர், கையாள் கிடைத்தால் இப்படிக் கிடைக்க வேண்டும், சத்தம் போடாத ஆள் என்று யாரிடமோ சொன்னார்.

எங்கள் வீட்டு ஆல்பங்கள் எதிலும் நான் இல்லை. குடும்பப் படம் எடுக்கக் கூப்பிடும்போதெல்லாம் நான் பின்கட்டில் இருந்திருக்கிறேன். என் கல்யாணப் படத்தில் நீ இல்லாவிட்டால் அந்த ஆல்பத்தை வாங்க மாட்டேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான். லாசர் அண்ணன் அரிசி ஒட்டிய கேமராவைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு முன்னால் நின்று, குடும்பத்தாரெல்லாம் வாங்க என்று கூப்பிட்டார். அம்மா போனாள். ரேணுகா அத்தை போனாள். மாப்பிள்ளை வீட்டார் போனார்கள்.

அக்கா சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிச் சமையல்கட்டுக்கு வந்தாள். மதியரசு மாமா அவள் பின்னால் வந்தார். அவருடைய துண்டின் முனை அவளுடைய முந்தானையில் முடிந்திருந்தது.

"வா" என்றாள்.

நான் தேங்காய்த் துருவலைத் திரட்டிக்கொண்டிருந்தேன். நான் மட்டும் போனால் பின்னால் இருப்பது தனியாக இருக்கும் என்று மெதுவாகச் சொன்னேன்.

அக்கா என் தோளுக்கு அப்பால் பார்க்கவில்லை. நான்கு நாட்களில் அவளும் பழகியிருந்தாள். "நாங்க இங்க வந்துடறோம்" என்றாள்.

எல்லோரும் வந்தார்கள். அண்டாக்களை ஒதுக்கிவிட்டுப் பின்கட்டில் வரிசையாக நின்றோம். அம்மா, அத்தை, மாப்பிள்ளை வீட்டார் ஒரு வரிசை. நடுவில் அக்காவும் மதியரசு மாமாவும். ஓரத்தில் தணிகாசலம் மாமா. நான் கடைசியில் தூணையொட்டி நின்றேன். என் இடது பக்கம் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தேன். அந்தப் பக்கம் அத்தையின் பட்டுப்புடவை படபடத்தது. அத்தை எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். அக்கா அவள் கையில் ஒரு வெற்றிலையைக் கொடுத்தாள்.

லாசர் அண்ணன் எங்களுக்கு எதிரில் வந்து நின்று கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனார். புடவை படபடப்பது நின்றது. மணையொன்று பின்னால் நகர்ந்தது. தூணுக்கு அந்தப் பக்கம் காலடி வைப்பது போல மழைத்தண்ணீர் தெறித்தது. நான் என் இடது கையைப் பின்னால் நீட்டி வைத்துக்கொண்டேன்.

அண்ணன் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார். லென்ஸைப் பார்த்தார். முப்பது வருடம் பிடித்த கை அது.

பிறகு மெதுவாகத் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து நின்றுகொண்டு, கேமராவைத் தன் தோளுக்கு மேலே பின்பக்கமாகப் பிடித்து, எல்லாரும் சிரிங்க என்றுகூடச் சொல்லாமல், ஒரு படம் எடுத்தார்.